அம்மாவின் மூளை அனியூரிசம்: ஊரில் ஸ்டென்ட், காயில் வைத்த அனுபவம்

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து பெற்றோருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று. சிகிச்சை நாளை மட்டும் கணக்கில் வைத்துத் திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள். முன்னும் பின்னும்தான் வேலை அதிகம்.

அம்மாவுக்குத் தலைச்சுற்றல் என்று எடுத்த ஸ்கேனில் தற்செயலாக அனியூரிசம் தெரிந்தது. அதாவது, மூளையில் ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி மொட்டு மாதிரி புடைத்திருந்தது, நல்லவேளை, வெடிக்கவில்லை. புடைப்பின் கழுத்து குறுகலாக இருந்தால் மெல்லிய பிளாட்டினச் சுருள்களை (காயில்) மட்டும் உள்ளே நிரப்பினால் போதும். கழுத்து 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அகலக் கழுத்து என்கிறார்கள். சுருள் நழுவிப் பிரதான குழாய்க்குள் வந்து அடைத்துவிடலாம். அதனால் கழுத்துக்குக் குறுக்கே ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துச் சுருளைத் தாங்க வைக்கிறார்கள். டாக்டர் ஆஞ்சியோ என்ற ரத்தக்குழாய்ப் படத்தைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டி, அம்மாவுக்கே புரியும்படி சொன்னார். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது.

ஸ்டென்ட் உலோகம். அதன் மேல் ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரும். ஆகவே சில நாட்கள் முன்பிருந்தே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொடுத்தார்கள். குளோபிடோக்ரெல் எல்லார் உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்கு அது போதவில்லை என்று தெரிந்ததும், மாத்திரையை டிகாக்ரெலாருக்கு மாற்றிச் சிகிச்சையையும் தள்ளிப்போட்டார்கள். என் லீவு கரைந்தது. ஆனாலும் சோதிக்காமல் செய்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் இந்தச் சோதனை செய்வார்களா என்று கேளுங்கள்.

சிகிச்சை மயக்க மருந்து கொடுத்துத்தான். மண்டையோட்டைத் திறக்கவில்லை, தொடை மடிப்பிலிருந்து ரத்தக்குழாய் வழியாக கேத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை மேலே கொண்டுபோனார்கள். அப்புறம் ஐசியூ. ராத்திரி முழுக்க சிஸ்டர் எழுப்பி, "அம்மா, கையைத் தூக்குங்க, சிரிங்க" என்று பார்த்துக்கொண்டே இருந்தார். தூக்கம் கெட்டது என்று அம்மா சலித்துக்கொண்டார். சிக்கல் வந்தால் முதலில் தெரிவது இப்படித்தான், அதனால் எனக்கு அது நிம்மதி.

குறை ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட், சுருள்களின் பெயரோ அளவோ இல்லை. பின்னால் எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ரெக்கார்டு பிரிவு அங்கே போ, இங்கே போ என்று அலைக்கழித்தது. கடைசியில் சிகிச்சை நடந்த கேத் லேபில்தான் அந்த விவரமுள்ள ஸ்டிக்கர் நகல் கிடைத்தது. ஆஞ்சியோ படங்களையும் சிடியில் கேட்டு வாங்குங்கள். வேறு ஊரில் வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தால் வெறும் ரிப்போர்ட் போதாது.

இனி மாத்திரைதான் உயிர். பல் பிடுங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நியூரோ டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. தம்பியிடம் இதைப் பலமுறை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சுருள்கள் நாளடைவில் இறுகி, புடைப்புக்குள் மறுபடி ரத்தம் புகலாம் என்பதால் ஆறு மாதத்தில் மீண்டும் ஆஞ்சியோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த லீவை அந்தத் தேதிக்கே கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் வெடிக்காத அனியூரிசத்துக்கு. திடீரென்று இதுவரை வராத அளவு கடும் தலைவலி வந்தால், லீவுக்கும் டிக்கெட்டுக்கும் காத்திருக்காமல் உடனே நியூரோ வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.