நூலக மாடி போன் வகுப்பு: அத்தையைச் சேர்த்துவிட்ட அனுபவம்

எங்கள் ஊர்க் கிளை நூலக மாடியில் ஞாயிறு மதியம் நடக்கும் போன் வகுப்பைப் பற்றி நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். என் மாமியாரைச் சேர்த்துவிட்டு, நானும் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். தாராளமாகச் சேரலாம். காசு வாங்குவதில்லை, வயது வரம்பும் கிடையாது.

இந்த வயது விஷயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மத்திய அரசு 2017ல் கொண்டுவந்த கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 6 கோடி வீடுகளில் வீட்டுக்கு ஒருவருக்குக் கற்றுத்தருவதாகச் சொன்னது. ஆனால் 14 முதல் 60 வயது வரைதான். 20 மணி நேரப் பாடம், கடைசியில் ஆன்லைன் தேர்வு, சான்றிதழ். அதுவும் 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அத்தைக்கு வயது 64. சான்றிதழ் அவருக்கு எதற்கு? பேங்கில் பணம் ஏறிவிட்டதா என்று யாரையும் கேட்காமல் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். மருந்தும் பசையும் பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்திருக்கும். ரேகை வைத்தால் போன் திறக்காது. சொல்லிக்கொடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் மூவரும் முதல் நாளே இதைக் கவனித்து, எல்லாருக்கும் நம்பர் பூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எழுத்தைப் பெரிதாக்கினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கீபோர்டில் இருக்கும் மைக்கைக் காட்டினார்கள். அத்தை அதை வாயருகே கொண்டுபோய், "சதுரகிரி மலைக்கு என்னைக்கு விடுவாங்க" என்று கேட்டார். கேட்டது அப்படியே தமிழில் எழுத்தாக விழுந்ததும், இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பணம் அனுப்புகிற வகுப்பு. போர்டில் எழுதி விளக்கவே இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு 1 ரூபாய் அனுப்ப வேண்டும், அப்புறம் அவரிடமிருந்து அதையே திரும்ப வாங்க வேண்டும். அனுப்பும்போது போன் பின் நம்பர் கேட்டது. வாங்கும்போது சத்தம் மட்டும் வந்தது, எதையும் கேட்கவில்லை. இதையே மாற்றி மாற்றிச் செய்ய வைத்துவிட்டு, சொல்லிக்கொடுத்த பெண் ஒரு க்யூஆர் அட்டையை நீட்டி, "இதை ஸ்கேன் பண்ணுங்க, உங்களுக்குப் பரிசுப் பணம் விழும்" என்றார். முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா ஸ்கேன் செய்தார். பின் நம்பர் கேட்டதும் விரலை எடுத்துக்கொண்டு, "ஏ பாப்பா, பணம் வாரதுக்கு எதுக்கு நம்பர் கேக்குது?" என்றார். மோசடியைப் பற்றி அதற்குமேல் யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏமாந்துவிட்டால் உடனே கூப்பிட வேண்டிய 1930 எண்ணையும் எல்லார் போனிலும் பதிந்து கொடுத்தார்கள்.

குறையும் இருக்கிறது. சொந்தமாகப் போன் இல்லாத பெண்கள் வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பேங்க் கணக்கு மனைவி பேரில், ஓடிபி போவது வீட்டுக்காரர் நம்பருக்கு. இதைச் சரிசெய்யாமல் எத்தனை ஆப் சொல்லிக்கொடுத்தாலும் கணக்கு அந்தப் பெண்ணின் கைக்கு வராது. வகுப்பில், "பேங்குக்குப் போய் நம்பரை மாத்திக்குங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்திருக்கலாம். பேங்குக்குள் போகவே தயங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

கடைசி வகுப்பில் ஆவணங்களைப் போனில் வைத்துக்கொள்ளும் டிஜிலாக்கர், அரசுச் சேவைகளுக்கான உமங் ஆப் எல்லாவற்றையும் போட்டு அடைத்ததில் பலருக்கு ஒன்றுமே ஏறவில்லை. பி.எஃப். பிடிக்கிறவர்களுக்கு உமங்கைவிட எளிய வழி உண்டு. யுஏஎன் என்கிற பி.எஃப். எண்ணோடு பதிந்த போன் நம்பரிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும். யுஏஎன்னில் ஆதாரோ பேங்க் கணக்கோ சேர்த்திருந்தால் போதும், பட்டன் போனிலேயே நடக்கும். அதை முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும்.

சேருகிறவர்கள் போனை முழுசாகச் சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள், மாடியில் ஒரே ஒரு பிளக்தான் இருக்கிறது. மகனையோ பேரனையோ துணைக்கு அனுப்பாதீர்கள், அவர்கள் போனை வாங்கித் தாங்களே செய்துவிடுகிறார்கள். தீபாவளி நெருங்கும் மாதங்களில் பட்டாசு வேலை மும்முரமாகி, வகுப்பில் கூட்டம் குறையும். வேறு வேலை பார்ப்பவர்கள் அப்போது சேர்ந்தால், பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.