‘அரண்மனை இன்று மூடியிருக்கிறது’ என்று யாராவது சொன்னால்

2024 நவம்பரில் நானும் மனைவியும் பாங்காக் போயிருந்தோம். அங்கே 28,000 பாத்தை, நம் பணத்தில் ஏறக்குறைய 70,000 ரூபாயை, தொலைத்துவிட்டு வந்தேன். யாரும் கத்தியைக் காட்டவில்லை. கார்டை நானேதான் நீட்டினேன்.

காலை பத்து மணி இருக்கும். கிராண்ட் பேலஸ் மதிலோரமாக நடந்துகொண்டிருந்தோம். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் எதிரில் வந்து, “காலையில் பூஜை நடக்கிறது, அரண்மனையை ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்” என்றார். எந்த ஊர் என்று விசாரித்தார். கோயம்புத்தூர் என்றதும் பாங்காக்கின் சீலோம் பகுதியில் இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். அம்மன் பெயரைச் சொல்கிறவரை எப்படிச் சந்தேகிப்பது? வரைபடத்தில் மூன்று இடங்களை வட்டமிட்டுக் கொடுத்து, அவரே ஒரு டுக்டுக்கை, அந்த ஊர் ஆட்டோவை, கைகாட்டி நிறுத்தினார். மூன்றுக்கும் சேர்த்து 20 பாத்தாம். ஐம்பது ரூபாய்க்கு ஊர் சுற்றிக் காட்ட ஒருவர் ஏன் வருகிறார் என்று நான் யோசித்திருக்கவேண்டும்.

முதலில் போன கோயிலில் ஈ காக்கை இல்லை. ஓட்டுநர் ஏதோ சொல்லிவிட்டு நழுவினார். படியில் ஓர் இளைஞர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவராகவே பேச்சுக் கொடுத்தார். வங்கியில் வேலையாம். போன வருடம் இங்கே வாங்கிய நீலக்கல்லை லண்டனில் இரு மடங்கு விலைக்கு விற்றாராம். அரசாங்கம் இப்போது வரியைத் தள்ளுபடி செய்திருக்கிறதாம், அதுவும் இன்றோடு கடைசியாம். கடை எது என்றுகூட அவர் சொல்லவில்லை. நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என்னைக் கவிழ்த்தவர் இவர்தான். வெள்ளைச் சட்டைக்காரர் மேல் எனக்கு ஓரத்தில் ஓர் ஐயம் இருக்கத்தான் செய்தது. இவர் எதையும் விற்கவில்லை, எதையும் கேட்கவுமில்லை. யாரோ ஒரு பக்தர் தற்செயலாகச் சொன்ன செய்தி என்று எடுத்துக்கொண்டேன். ஓட்டுநருக்கு அந்தக் கடை தெரிந்திருந்ததுகூட எனக்கு அதிசயமாகப் படவில்லை.

கடையில் குளிர்சாதனம், உபசாரம், வெல்வெட் தட்டில் கற்கள். மனைவி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “ஏங்க, நீலம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்துப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் போட்டதில்லை.”

“போட்டுக்கொள்ளவா வாங்குகிறோம், விற்கத்தானே” என்று அவள் வாயை அடைத்தேன். சனி அப்போதே எதிரில் உட்கார்ந்து எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்கு அரண்மனை வாசலில் இறக்கிவிட்ட ஓட்டுநர் அந்த 20 பாத்தை வாங்க மறுத்துவிட்டார். அவர் கூலி வேறு இடத்தில் கிடைத்துவிட்டது. உள்ளே நுழைந்தால் பலகையில் நேரம் போட்டிருக்கிறது: காலை 8.30 முதல் பிற்பகல் 3.30 வரை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஆளுக்கு 500 பாத் டிக்கெட் வாங்கும் வரிசையைப் பார்த்தேன். அரண்மனை விஷயத்தில் பொய் சொன்னால் என்ன, கல் நல்ல கல்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அந்த நிமிடமே சுற்றுலாப் போலீஸை 1155 என்ற எண்ணில் அழைத்து, பில்லோடு கடைக்குத் திரும்பியிருக்கவேண்டும். வெட்கம் விடவில்லை.

ஊர் வந்து பெரியகடை வீதியில் கல் பார்ப்பவரிடம் காட்டினேன். லென்ஸை எடுத்து அரை நிமிடம் பார்த்தார். “கல் நிஜம்தான் சார். சூடுகாட்டி நிறம் ஏற்றிய மட்டக்கல். ஐயாயிரம் தேறினால் அதிகம்.” போலி என்றால் வழக்காவது போடலாம், இதில் அதற்கும் வழியில்லை. வங்கியில் புகார் கொடுத்ததற்கு, பொருள் உங்களிடம் இருக்கிறது, பில்லில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது என்று பதில் வந்தது. ‘பார்த்துத் திருப்தியடைந்து வாங்கினேன்’ என்று அந்தப் பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அன்றுதான் படித்தேன்.

அரண்மனை திறந்திருக்கிறதா என்பதை டிக்கெட் கொடுக்கும் இடம்வரை நடந்துபோய்ப் பாருங்கள். வழியில் யார் என்ன சொன்னாலும் நிற்காதீர்கள், மாரியம்மன் பெயரைச் சொன்னாலும்.