நாடு முடங்கினால் மலையில் ஓட ஒரு வண்டி: ஹொண்டா சி90

நாடு நிலைகுலைந்து போனால் எந்த வாகனம் கைகொடுக்கும் என்ற கேள்விக்கு நான் இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்த 2022ஆம் ஆண்டில்தான் விடை தேடத் தொடங்கினேன். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற ஒக்டேன் 92 பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாவாகி, அந்த விலைக்கும் கிடைக்காமல் பெற்றோல் செட் வாசலில் இராப்பகலாக எங்களைக் காத்துக் கிடக்கவைத்தது. என்னிடமிருந்த பழைய டீசல் ஜீப் ஏறாத மேடில்லை. ஆனால் டீசல் இல்லாத வாரங்களில் அது தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலை விட்டு அசையவில்லை. மின்சார ஸ்கூட்டரையும் யோசித்தேன். மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்வெட்டு நடந்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

ஜீப்பை விற்று வாங்கிய ஹொண்டா சி90 என்ற சிறிய மோட்டார் சைக்கிள் இன்றும் என்னிடம் இருக்கிறது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க ஜூலையில் வந்த கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் தந்தார்கள். எங்கள் மேடு பள்ளங்களில் என் வண்டி லீற்றருக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர் ஓடுவதால், ஹட்டன் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர அந்த அளவே தாராளமாகப் போதுமாயிருந்தது.

இதன் பெரும் பலம் எடைக் குறைவு. மண்சரிந்து தோட்டப் பாதை மறிபட்ட ஒரு காலையில், பின்னால் கட்டியிருந்த அரிசி மூட்டையை முதலில் இறக்கி அக்கரையில் வைத்துவிட்டு, நானும் இரண்டு பொடியன்மாரும் வண்டியை அப்படியே தூக்கி, முழங்கால் அளவு சேற்றைக் கடந்தோம். ஜீப் மறுநாள்வரை அங்கேயே நின்றிருக்கும். செயினை முழுதாக மூடிய உறை இருப்பதால் அந்தச் சேறு செயினுக்குள் போகவுமில்லை. சி90 சேர்ந்த, 1958இல் அறிமுகமான ஹொண்டா சூப்பர் கப் வரிசையின் உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தாண்டியது; இவ்வளவு பரவிய வண்டி என்பதால், எந்தச் சிறு நகரத்துக் கராஜ் பாஸும் இதன் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்.

குறைகளும் உண்டு. மூன்றே கியர் என்பதால், மூட்டையோடு செங்குத்தில் ஏறும்போது முதல் கியரில் ஊர்ந்துதான் போகவேண்டும். நனைந்த டிரம் பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது; இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும். பனிமூட்டத்தில் முன்விளக்கு போதாது. 1200 மீற்றருக்கு மேலுள்ள எங்கள் ஊரில் காற்று அடர்த்தி குறைவு. கீழ்நாட்டுக்குச் சரிபார்த்த காபரேற்றரோடு (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வந்த என் வண்டி, பெற்றோலை அதிகம் குடித்துப் பிளக்கைக் கரியாக்கியது. அதில் பெற்றோல் பாயும் துளையான ஜெட்டைச் சிறியதாக மாற்றிய பிறகே சீரானது.

வாங்குவோர் பெயின்ற் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். பதிவுப் புத்தகத்திலுள்ள செசி (வண்டிச் சட்டகம்) எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் தடவிப் பார்த்து ஒப்பிடுங்கள். 2022இல் செசி எண் பொருந்தாதவர்களுக்குக் கியூ.ஆர். பதிவே கிடைக்கவில்லை, ஓடக்கூடிய வண்டியை வைத்துக்கொண்டு அவர்கள் நடந்துதான் போனார்கள்.