கால் நீட்டும் சத்திரசிகிச்சைக்கு "மூன்று மாதம் போதும்" என்று சொன்னால் காசு கட்டாதீர்கள்

திருகோணமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தியாவுக்கு ஆள் கூட்டிப்போய் வைத்தியம் செய்துதருவதாகச் சிலர் திரிகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் எங்கள் குடும்பம் காசைக் கொடுத்துப் பட்டிருக்கிறது. கால் நீட்டும் சத்திரசிகிச்சை பற்றி யோசிப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள்.

என் தம்பிக்குச் சின்ன வயதில் கால் முறிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு குறுகிப் பொருந்திவிட்டது. நாலரை சென்டிமீட்டர் வித்தியாசம். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை. நாள் முழுக்க நொண்டி நடந்து இடுப்பு வலி. புரோக்கர் வீட்டுக்கே வந்து, "தம்பி, மூண்டு மாசத்தில நீங்க சும்மா நடப்பீங்க. அம்மா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, எல்லாம் பேக்கேஜுக்குள்ள வருது" என்றார். அம்மா காணியை ஈடு வைத்தார். மே மாதம் சீசன் தொடங்க முன் வேலைக்குத் திரும்பலாம் என்ற நம்பிக்கையில்தான் தம்பி ஜனவரியில் போனான்.

அந்த மூன்று மாதக் கணக்கில் எலும்பு நீளும் காலம் மட்டும்தான் இருக்கிறது, இறுகும் காலம் இல்லை. எலும்பை வெட்டி, வெளியே வளையங்களும் கம்பிகளும் உள்ள பிரேமைப் பூட்டிய பிறகு, சுமார் ஒரு கிழமை சும்மா விடுவார்கள். அப்புறம் வெட்டிய இடம் ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் விலகும்படி, அதையும் கால் மில்லிமீட்டராக நாலு தடவை, பிரேமைத் திருக வேண்டும். வேகமாகத் திருகினால் இடைவெளியில் எலும்பு ஒழுங்காக உருவாகாது, நரம்பும் இழுபடும். மெதுவாகத் திருகினால் நீள முன்பே ஒட்டிக்கொள்ளும். ஆக நாலரை சென்டிமீட்டருக்கு 45 நாள். அதோடு ஒரு மாத ஓய்வைக் கூட்டி, மூன்று மாதம் என்று விற்கிறார்கள்.

ஆனால் 45 நாள் முடியும்போது அந்த இடைவெளியில் இருப்பது பாரம் தாங்கும் எலும்பு அல்ல, பச்சை மண்சுவர் போன்ற ஒன்று. அது இறுகுவதற்கு, நீட்ட எடுத்த காலத்தைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ பிடிக்கும். வளர்ந்த ஆளுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை மாதம் பிரேம் காலில் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. சிலருக்கு அதைவிடக் கூட. சிறுபிள்ளைகளுக்குச் சீக்கிரம் இறுகும். தொடை எலும்பைவிடக் கீழ்க்கால் எலும்பு சுணங்கும். சிகரெட் குடிப்பவர்களுக்கு இன்னும் சுணங்கும். இந்த முறையை இலிசாரோவ் என்ற வைத்தியர் சைபீரியாவின் குர்கான் பகுதியில் 1950களில் உருவாக்கினார். எலும்பு இறுக இவ்வளவு காலம் எடுக்கும் என்பது இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மறைத்திருக்கிறார்கள்.

தம்பி ஊர் திரும்பி ஏப்ரலில் எக்ஸ்ரே எடுத்தபோது இடைவெளியில் மங்கலான நிழல்தான் தெரிந்தது. புரோக்கரிடம் கேட்டதற்கு வட்ஸ்அப்பில் வந்த பதில்: "மூண்டு மாசம் முடிஞ்சிட்டுதானே, அங்கயே யாரையாவது பிடிச்சுக் கழட்டுங்க." இதை நினைத்தால் இன்னமும் கை நடுங்குகிறது. இறுகாத எலும்பில் பிரேமைக் கழற்றினால் அது வளையும், இல்லாவிட்டால் முறியும். எக்ஸ்ரேயில் எலும்பின் நாலு பக்கச் சுவர்களில் குறைந்தது மூன்று சுவர்களாவது தெளிவாகத் தெரிந்த பிறகே கழற்ற வேண்டும் என்று இங்கே அரசாங்க ஆஸ்பத்திரி எலும்பு கிளினிக்கில் எங்களுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார்கள். அந்த டொக்டருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். சத்திரசிகிச்சைக் குறிப்பு ஒன்றுகூடக் கையில் இல்லாமல் போன எங்களை அவர் திருப்பி அனுப்பவில்லை.

பேக்கேஜில் "எல்லாம்" என்றது வெறும் பேச்சு. பிரேம் கழற்றுவது, மாதாமாத எக்ஸ்ரே, பிசியோதெரபி எதுவும் அதில் இல்லை. பிசியோதெரபி இல்லாததால் பின்பக்கத் தசை இறுகி, தம்பியின் குதிக்கால் நிலத்தில் படாமல் போனது. கம்பி போன இடங்களில் சீழும் கட்டியது. மேலதிகமாகக் காசு கேட்ட புரோக்கர், கொடுக்க முடியாது என்றதும் போனை எடுப்பதை நிறுத்தினார். பிரேம் கழன்றது செப்டம்பரில். சீசனும் போய்விட்டது, வேலையும் போய்விட்டது.

சத்திரசிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை, தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் காசு கட்ட முன் புரோக்கரை விட்டுவிட்டு, வெட்டப்போகும் டொக்டரிடமே கதையுங்கள். பிரேம் எத்தனை மாதம் இருக்கும், கழற்றும் செலவு யாருடையது, ஊர் திரும்பிய பிறகு யார் பார்ப்பார், எலும்பு ஒட்டாவிட்டால் அடுத்து என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். சத்திரசிகிச்சைக் குறிப்பும் எக்ஸ்ரேக்களும் கையில் கிடைக்காமல் விமானம் ஏறாதீர்கள். வலிக்கு டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளை டொக்டரைக் கேட்காமல் போடவும் வேண்டாம், எலும்பு இறுகுவதை அவை சுணக்கக்கூடும்.

நாங்கள் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் சொல்லியிருக்கிறோம். இதே மாதிரி காசு கட்டியவர்கள் பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். பிரேமோடு வீட்டில் இருப்பவர்கள், யார் என்ன சொன்னாலும், எலும்பு டொக்டர் எக்ஸ்ரே பார்க்காமல் ஒரு ஆணியைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.