பூல்ஸ் சீட்டு, புக்கி கணக்கு, வீட்டுக் குலுக்கல்: உலகக் கிண்ணப் பந்தயத்தில் எது எப்படி?

2022 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது எங்கள் குடும்பத்தில் மூன்று விதமாகப் பந்தயம் நடந்தது. நான் சட்டப்படி பந்தயம் எடுக்கும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தின் கடைக்குப் போய், பிரேசில் கிண்ணம் வெல்லும் என்று 10 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரே ஒரு சீட்டு எடுத்தேன். சித்தப்பா மகன் (அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) தெரிந்த ஒருவர் மூலமாக வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில் கணக்கு வைத்திருந்தார். முன்பணம் கட்ட வேண்டாம், திங்கட்கிழமை கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அம்மா, வீட்டில் எட்டுப் பேர் ஆளுக்கு 5 வெள்ளி போட்டு நடத்திய குலுக்கலில் அணிப் பெயர் எழுதிய நான்கு துண்டுத்தாள் எடுத்தார். அதில் ஒன்று மொராக்கோ.

அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அப்போதிருந்தே ஓர் எண்ணம். பந்தயம் பற்றிப் பேசும் பலரும் எதில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் ஒப்பிடுகிறார்கள். நான் மூன்று கேள்விகள் கேட்பேன். கட்டிய பணத்தில் எவ்வளவு கழிவாகப் போகிறது? ஒன்று முடிந்ததும் அடுத்த பந்தயம் எத்தனை நேரத்தில் கைக்கு வருகிறது? கையில் இல்லாத பணத்தைக் கட்ட முடியுமா? முதல் கேள்விக்கே எல்லாரும் நேரம் செலவழிக்கிறார்கள். குடும்பங்களைக் கெடுப்பது இரண்டாவதும் மூன்றாவதும்.

கழிவுக் கணக்கு

சரி, முதலில் கழிவையே பார்த்துவிடுவோம். ஓர் ஆட்டத்துக்கு மூன்று முடிவுகள்: முதல் அணி வெற்றி, சமநிலை, இரண்டாவது அணி வெற்றி. பலகையில் 2.10, 3.10, 3.20 என்று ஆட்ஸ் (ஜெயித்தால் ஒரு வெள்ளிக்குத் திரும்பும் தொகை) போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 1ஐ இந்த ஒவ்வோர் எண்ணாலும் வகுத்தால் 47.6, 32.3, 31.3 சதவீதம் வரும். கூட்டினால் 100 வரவேண்டும், ஆனால் 111 வருகிறது. அந்த மிகுதி 11இல்தான் பந்தயம் நடத்துபவரின் பங்கு இருக்கிறது. இந்தப் பலகையில் தொடர்ந்து 100, 100 வெள்ளியாகக் கட்டுபவருக்குச் சராசரியாக (100ஐ 111ஆல் வகுத்தால்) நூற்றுக்கு 90 வெள்ளிதான் திரும்பும். கைப்பேசியில் ஒரு நிமிட வேலை. கட்டுவதற்குமுன் இதைச் செய்து பார்க்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நான்கு ஆட்டங்களை ஒரே சீட்டில் கோர்த்துக் கட்டும் கூட்டுப் பந்தயத்தில் இந்தக் கழிவு நான்கு முறை விழுகிறது. 100இல் 90, அதில் 90 சதவீதம், அப்படியே போனால் ஏறக்குறைய 66 வெள்ளிதான் மிஞ்சும். 5 வெள்ளிக்கு 400 வெள்ளி என்று சீட்டில் பார்க்க அழகாக இருக்கும். எல்லாவற்றிலும் விலை அதிகமான பந்தயம் அதுதான்.

கறுப்புச் சந்தைப் புக்கிகளும் (உரிமமில்லாமல் பந்தயம் எடுப்பவர்கள்) வெளிநாட்டுத் தளங்களும் இங்கே ஜெயிக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் பெரும்பாலும் ஆசிய ஹேண்டிகேப் தருவார்கள். வலுவான அணிக்கு அரை கோல், ஒன்றரை கோல் என்று பாரம் ஏற்றி (கணக்கில் அத்தனை கோலைக் கழித்து), சமநிலையை நீக்கி, இரண்டே முடிவாக ஆக்கிவிடும் முறை அது. இரண்டு பக்கமும் 1.95 என்றால் கூட்டுத்தொகை 102.6. அதாவது 100 வெள்ளிக்கு 97.5 திரும்பும். அண்ணன் எனக்குச் சொன்ன வாதமும் இதுதான். "பூல்ஸ்ல கட்டுறவன் கணக்குத் தெரியாதவன்டா" என்பார்.

அவர் கணக்கு சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டார். 40 ஆட்டங்களில் 50 வெள்ளி வீதம் கட்டினால் மொத்தம் 2,000 வெள்ளி புரள்கிறது. அதில் இரண்டரை சதவீதம் 50 வெள்ளி. சராசரியாக அவர் இழக்கக்கூடியது அது. நான் முழுதாகத் தோற்றாலும் போவது 10 வெள்ளி. விலை மலிவு என்பதாலேயே அவர் அதிகம் வாங்கினார்.

90 நிமிடம் என்ற பொறி

பூல்ஸில் ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டுபவர்கள் அடிக்கடி மறக்கும் ஒரு விதி இருக்கிறது. வெற்றி, சமநிலை, தோல்வி என்ற அந்த மூன்று முடிவுப் பந்தயத்துக்கு 90 நிமிடமும் காயத்துக்காகச் சேர்க்கும் நேரமும்தான் கணக்கு. கூடுதல் நேரமும் பெனால்டியும் அதில் சேராது.

என்னுடன் வேலை செய்யும் ஒருவர் 2022 இறுதியாட்டத்துக்கு அர்ஜென்டினா வெல்லும் என்று 100 வெள்ளி கட்டினார். டிசம்பர் 18, இரவு 11 மணி ஆட்டம். 80ஆவது நிமிடம்வரை 2-0. அதன்பின் எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தார். 90 நிமிடத்தில் 2-2, கூடுதல் நேரத்தில் 3-3, பெனால்டியில் 4-2. மெஸ்ஸி கிண்ணத்தைத் தூக்கினார். நண்பரின் 100 வெள்ளி போய்விட்டது. மறுநாள் கடையில் கேட்டபிறகுதான் அவருக்கே அது புரிந்தது.

இது அபூர்வமாக நடக்கும் விஷயம் அல்ல. 2006இல் இத்தாலி-பிரான்ஸ் 1-1. 2010இல் ஸ்பெயினுக்காக இனியெஸ்டா அடித்த கோல் 116ஆவது நிமிடம். 2014இல் ஜெர்மனிக்காக கோட்ஸெ அடித்தது 113ஆவது நிமிடம். பிறகு 2022. 2006 முதல் 2022 வரை நடந்த ஐந்து இறுதியாட்டங்களில் நான்கு, 90 நிமிடக் கணக்கில் சமநிலை. பிரான்ஸ் குரோஷியாவை 4-2 என்று வென்ற 2018 மட்டும்தான் விதிவிலக்கு. கிண்ணம் யாருக்கு என்று நீங்கள் சரியாகவே கணித்திருந்தாலும், தவறான வகைச் சீட்டு எடுத்திருந்தால் காசு இல்லை.

கிண்ணத்தை வெல்லும் அணி எது என்ற நீண்டகாலப் பந்தயத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. பெனால்டியில் வென்றாலும் வெற்றிதான். அதில் எத்தனையோ அணிகள் இருப்பதால் நடத்துபவரின் கழிவு வழக்கமாக இன்னும் கூடுதலாகவே இருக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தச் சீட்டை எடுத்தேன். பிரேசில் செர்பியாவை வென்றது, சுவிட்சர்லாந்தை வென்றது, கேமரூனிடம் தோற்றது. அந்தத் தோல்வியால் என் சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்கொரியாவை 4-1 என்று வென்றது. டிசம்பர் 9 இரவு காலிறுதியில் குரோஷியாவிடம் பெனால்டியில் வெளியேறியது. 20 நாள், ஐந்து ஆட்டம், 10 வெள்ளி. இடையில் நான் எடுக்கவேண்டிய முடிவு ஒன்றுகூட இல்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை

இனி வேகத்தைப் பற்றிச் சொல்கிறேன். நவம்பர் 22, 2022. சிங்கப்பூர் நேரம் மாலை 6 மணிக்கு அர்ஜென்டினா-சவூதி அரேபியா. இரவு 9 மணிக்கு டென்மார்க்-துனீசியா. நள்ளிரவு மெக்சிகோ-போலந்து. அதிகாலை 3 மணிக்கு பிரான்ஸ்-ஆஸ்திரேலியா.

அர்ஜென்டினா வெல்லும் என்று அண்ணன் 500 வெள்ளி கட்டினார். மெஸ்ஸி பெனால்டியில் கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு சவூதி ஐந்து நிமிடத்தில் இரண்டு கோல் அடித்து 2-1 என்று வென்றுவிட்டது. விட்டதைப் பிடிக்க டென்மார்க் மீது 700. அது 0-0. பிறகு நள்ளிரவு ஆட்டத்தில் ஆட்டம் நடக்கும்போதே கட்டும் நேரடிப் பந்தயம். போலந்துக்குப் பெனால்டி கிடைத்த நொடியில் கோல் வரும் என்று இன்னும் ஒரு தொகை. லெவண்டோஸ்கி அடித்ததை ஒச்சோவா தடுத்தார். அதுவும் 0-0. அதிகாலை 3 மணிக்கு பிரான்ஸ் 4-1 என்று வென்றபோது அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருடைய அன்றைய வரம்பு முடிந்துவிட்டது. நான்கு ஆட்டங்களில் அவர் சரியாகக் கணித்த ஒரே முடிவில் கட்டப் பணம் இல்லை.

அவர் காற்பந்து தெரியாதவர் இல்லை. எங்கள் வீட்டில் அதிகம் தெரிந்தவரே அவர்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த வாய்ப்பு வந்து நின்றதுதான் அவரைச் சாய்த்தது. வீட்டுக் குலுக்கலில் அப்படி அடுத்து என்று ஒன்று இல்லை. என் சீட்டிலும் இல்லை. பூல்ஸிலும் ஆட்டத்துக்கு ஆட்டம், நேரடிப் பந்தயம் என்று போனால் இதே வேகம் வந்துவிடும். எனவே சட்டபூர்வமானது என்பதாலேயே அது சாதுவான பிராணி ஆகிவிடாது.

கடன்

பூல்ஸில் கடன் கிடையாது. கடையில் காசு கொடுத்தால்தான் சீட்டு. இணையக் கணக்கு திறக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டியே பணம் போட வேண்டும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று செலவு வரம்பும் வைக்க வேண்டும். இனி வேண்டாம் என்று தோன்றினால் அந்தக் கணக்கிலிருந்து உங்களை நீங்களே விலக்கிவைக்க விண்ணப்பிக்கலாம். ஜெயித்த பணம் வந்து சேரும், அதில் சந்தேகமே இல்லை. நிறுவனம் டோட் போர்டு என்ற அரசு வாரியத்துக்குச் சொந்தமானது. மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதி சமூகக் காரியங்களுக்குப் போகிறது.

புக்கியிடம் எல்லாமே தலைகீழ். திங்கட்கிழமை வரைக்கும் நீங்கள் தோற்றது வெறும் எண்தான். கையிலிருந்து நோட்டு போனால் வலிக்கும், எண் வலிக்காது. திங்கட்கிழமை வந்தபிறகுதான் அது கடன் என்று தெரியும். அப்போது இன்னொருவரிடம் வாங்கித்தான் கட்ட வேண்டும். அண்ணன் குளிர்சாதனப் பெட்டி பழுது என்று சொல்லி என்னிடம் 800 வெள்ளி வாங்கினார். பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று ஜனவரியில் அண்ணி சொன்னார். உரிமமில்லாமல் கடன் கொடுப்பவர்களிடம் அவர் போகவில்லை என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். அவருக்கு ஒரு வாரம் ஜெயித்த பணமும் வரவேண்டியிருந்தது. அந்தத் தளம் ஏதோ விதியைக் காட்டிக் கொடுக்க மறுத்தது. எங்கே போய்ப் புகார் கொடுப்பது? 2022 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமமில்லாத இடத்தில் பந்தயம் கட்டுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். புகார் கொடுக்கப் போனால் முதலில் தானே மாட்டிக்கொள்வோம் என்று அவர் பயந்தார்.

ஆக, மலிவான ஆட்ஸ் என்று அண்ணன் சொன்ன அந்த வித்தியாசம், நூறு வெள்ளிக்கு ஏழரை வெள்ளி, உண்மைதான். அதற்கு விலையாக அவர் கொடுத்தவை மேலே இருக்கின்றன.

2014 உலகக் கிண்ணத்தின்போது சிங்கப்பூரில் ஒரு விழிப்புணர்வு விளம்பரம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் வெளியிட்டது. ஜெர்மனி ஜெயிக்க வேண்டும், என் சேமிப்பு முழுவதையும் அப்பா அதன்மேல் கட்டிவிட்டார் என்று ஒரு சிறுவன் முகம் வாடிச் சொல்வான். அந்த ஆண்டு ஜெர்மனியே கிண்ணத்தை வென்றுவிட்டது! ஊரே சிரித்தது. ஆனால் பிறகு வந்த தொடர்ச்சியில் அப்பா ஜெயித்தும் பையனுக்குச் சேமிப்பு திரும்பவில்லை, அப்பா இன்னும் ஒருமுறை கட்ட வேண்டும் என்கிறார் என்று காட்டினார்கள். முதல் விளம்பரத்தைவிட அதுதான் உண்மைக்கு அருகில் இருந்தது என்று நினைக்கிறேன். நான் பார்த்தவரை அண்ணனை அதிகம் அலைக்கழித்தவை அவர் ஜெயித்த வாரங்கள்தான்.

அம்மாவின் மொராக்கோ

வீட்டுக் குலுக்கலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். 32 அணி, எட்டுப் பேர், ஆளுக்கு நான்கு. சேர்ந்தது 40 வெள்ளி, ஜெயிப்பவருக்கு 40 வெள்ளி. கழிவு பூஜ்யம். காற்பந்து அறிவுக்கு இதில் இடமே இல்லை, அதைக் குறையாகச் சொல்வார்கள். குறை என்றே நான் நினைக்கவில்லை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாத அம்மா, மொராக்கோ பெல்ஜியத்தை 2-0 என்று வென்றதும் அந்த நாடு எங்கே இருக்கிறது என்று பேத்தியிடம் வரைபடம் கேட்டார். ஸ்பெயினைப் பெனால்டியில் வென்ற இரவு தூங்கவே இல்லை. போர்ச்சுகலையும் வென்று, அரையிறுதிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அணி என்று செய்தியில் சொன்னபோது ஏதோ தானே பயிற்சி கொடுத்ததுபோல உட்கார்ந்திருந்தார். 5 வெள்ளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். குடும்பமும் நண்பர்களும் வீட்டில் நேரில் கூடி ஆடுவதற்குத்தான் சட்டத்தில் விலக்கு. இணையம் வழியாக அதையே நடத்தினால் அந்த விலக்கு பொருந்தாது. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் காசு சேர்ப்பது வேண்டாம்.

ஆக, என் வரிசை இது. முதலில் வீட்டுக் குலுக்கல். அடுத்து, கட்டியே ஆகவேண்டும் என்றால், போட்டி தொடங்குமுன் பூல்ஸில் ஒரே ஒரு கிண்ணச் சீட்டு, தொலைந்தாலும் பரவாயில்லை என்ற தொகைக்கு. ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டுவதும் கூட்டுப் பந்தயமும் அதற்கு வெகுதூரம் கீழே. புக்கி இந்த வரிசையிலேயே இல்லை. ஏற்கெனவே அதில் அடிபட்ட ஒருவர் வீட்டில் இருந்தால், பூல்ஸ் சீட்டையும் வரிசையிலிருந்து நீக்கிவிடுவேன்.

எங்கள் வீட்டில் நீக்கிவிட்டோம். 2026இல் 48 அணி, 104 ஆட்டம், ஆளுக்கு ஆறு துண்டுத்தாள். இம்முறை காசு இல்லை. தோற்ற ஏழு பேரும் சேர்ந்து, ஜெயித்தவர் கேட்கும் சாப்பாட்டைச் சமைத்துப் போட வேண்டும். துண்டுத்தாள் எழுதும் வேலையை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மொராக்கோ இருக்கிறதா? இருக்கிறது என்றார்.