கேபிளைக் கழற்றி ஹைட்ரோலிக் ஸ்டேரிங் போட்டு மூன்று வருடம்

கிளிநொச்சி மாவட்டத்து இரணைமாதாநகரிலிருந்து இரணைதீவுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றும் 23 அடி பைபர் போட் என்னுடையது. எஞ்சின் 40 குதிரைவலு. 2018 சித்திரையில், இடம்பெயர்ந்திருந்த சனம் தீவுக்குத் திரும்பிப் போனபிறகு ஓட்டம் கூடிவிட்டது. கைபிடியால் ஓட்டுகிற சின்ன எஞ்சின்காரருக்கு இந்தக் கதை தேவையில்லை. என்னுடையது காரில் போல ஸ்டேரிங் சில்லு வைத்த போட்.

சோளகக் காற்று எழும்பினால் சில்லை விட்டுக் கையெடுக்க முடியாது, வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதைவிடத் தொல்லை, சில்லிலிருந்து போய் எஞ்சினைத் திருப்புகிற கேபிள் இறுகுவது. அதன் நுனிக்கம்பி, எஞ்சின் சாய்ந்து எழும்புகிற குழாய்க்குள்ளால்தான் போய்வரும். உப்பும் பழைய கிறீசும் அதற்குள் கல்லாகிவிடும். இரண்டு கேபிள் அப்படிப் போனது. இரண்டாவதைக் கெடுத்தவன் நான்தான்: கம்பி வெளியே நீண்டு நிற்கும்போது கிறீஸ் அடித்தேன். உள்ளே இழுத்துவிட்டு அடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிறீசே குழாயை அடைத்து, கம்பியைத் திரும்ப வரவிடாது.

பிறகு கேபிளுக்குப் பதிலாக, ஒயில் அழுத்தத்தால் எஞ்சினைத் திருப்புகிற ஹைட்ரோலிக் போட்டேன். அன்றே ஓடிப் பார்த்தேன். திருப்பி விட்ட இடத்திலேயே சில்லு நிற்கிறது! ஓடிக்கொண்டே வெற்றிலை மடிக்கலாம். தோள் நோவும் போய்விட்டது.

ஆனால் கைக்கு வந்த சேதி நின்றுபோனது. முன்பு புறொப்பெல்லரில் சாதாளை என்கிற கடல்தாவரம் சுற்றினால் சில்லிலேயே தெரியும். இப்போது எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் பிடிக்கிறேன். எஞ்சினை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப, முன்பு சில்லில் மூன்றரைச் சுற்று, இப்போது ஐந்துக்கு மேல். ஆழமில்லாத இறங்குதுறையில் பின்னுக்கு எடுக்கும்போது எரிச்சல் வரும்.

இரண்டாம் வருடம் ஒயில் குறைந்தது. "பிறேக் ஒயில் காணும் அண்ணை" என்றார் ஒரு கடைக்காரர். ஊற்றினேன். சீல்கள் ஊதி, சிலிண்டர் நுனியில் கசியத் தொடங்கியது. சீல் மாற்றி, சரியான ஒயில் விட்டு, காற்றெடுக்க ஒரு பகல் போனது: ஒருவர் சில்லைச் சுற்ற, மற்றவர் சிலிண்டரடியில் குமிழி நிற்கும்வரை குந்தியிருக்க வேண்டும். இப்போது கரைக்கு வந்ததும் சிலிண்டர் தண்டில் நல்ல தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குப் போவதில்லை.

சீல் மாற்ற வந்த வயதான மெக்கானிக் எஞ்சின் காலடியில் இருந்த சின்னத் துடுப்புத் தகட்டைத் தட்டிக் காட்டினார். "தம்பி, இதின்ர வாலைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பியிருந்தா அந்த இழுவை அரைவாசி குறைஞ்சிருக்குமே?"

மச்சானின் போட்டில் அதைத் திருப்பிவிட்டோம். அவர் இன்னமும் கேபிளில்தான் ஓடுகிறார்.