கொரியாவின் ஒரினிஜிப்: இரண்டரை வருடம் பிள்ளைகளை விட்டெடுத்த தாயொருத்தியின் மதிப்பீடு

மட்டக்களப்பு கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு இந்த வருடத்தில் மூன்று தாய்மார் வந்து போயிருக்கிறார்கள். ஒருவர் வந்தாறுமூலை, ஒருவர் களுவாஞ்சிகுடி, மற்றவர் அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு. மூவருடைய கணவன்மாரும் உயர்கல்விக்காகத் தென்கொரியா செல்கிறார்கள். மூவருக்கும் பாடசாலை வயதுக்கு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். வீசாவைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பிறகுதான் கேட்டார்கள். “அக்கா, புள்ளயள அங்க ஆருக்கிட்ட விட்டீங்க?” என்பதே மூவரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்ட கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

நாங்கள் விட்டது ‘ஒரினிஜிப்’ எனப்படும் பராமரிப்பு நிலையத்தில். ஒரினி என்றால் பிள்ளை, ஜிப் என்றால் வீடு. என் கணவரின் முதுமாணிக் கற்கைக்காக 2022 ஓகஸ்ட் முதல் 2025 பெப்ரவரி வரை டேஜோன் நகரில் இருந்தோம். போகும்போது மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு ஒரு வயதும் ஒன்பது மாதமும். இருவரும் ஒரே நிலையத்துக்கே போனார்கள். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. பாராட்டுவதற்கு நிறைய இருந்தாலும் மனம் நொந்த நாட்களும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் எழுத விரும்புகிறேன்.

தொழிற்சாலை வேலைக்காக ஈ-9 வீசாவில் செல்பவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் கொரியா என்றதும் நினைவுக்கு வருவது அந்த வேலைதான் என்பதால், பலர் இதை அறியாமல் மனக்கோட்டை கட்டுகிறார்கள். டி-2 மாணவர் வீசா போன்றவற்றில் செல்வோரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எஃப்-3 வீசா கிடைக்கும். அந்த வீசாவில் தனி அனுமதி பெறாமல் தாய் வேலை செய்ய முடியாது. ஆகையால் நானும் வீட்டிலிருந்தே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். முற்றத்தில் அண்ணன் தம்பி முறையான பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு மண்ணில் விளையாடிய மகன், ஒன்பதாம் மாடியில் இரண்டு கிழமை யாரோடும் கதைக்காமல் இருந்ததைப் பார்த்த பிறகே மனம் மாறியது.

பிறந்தது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை ஒரினிஜிப் ஏற்கும். மூன்று வயதுக்கு மேல் யூச்சிவோன் என்ற முன்பள்ளிக்கும் அனுப்பலாம். நாங்கள் இருவரையும் ஒரே இடத்தில் விட விரும்பியதால் அதைத் தெரிவுசெய்யவில்லை. அங்கே கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குவதால், ஓகஸ்டில் போய் இறங்குபவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம். ‘ஐசாராங்’ என்ற அரச இணையத்தளத்தில் பெயரைப் பதிந்து காத்திருக்க வேண்டும். மகனுக்குச் செப்டெம்பரிலும் மகளுக்கு ஒக்டோபரிலும் இடம் கிடைத்தது.

சேர்க்கும்போது அவர்கள் கவனமாகப் பார்த்தது தடுப்பூசிப் பதிவைத்தான். நம் நாட்டுப் பிள்ளை சுகாதாரப் பதிவேட்டைப் பார்த்த வைத்தியர், இங்கே ஒன்பது மாதத்தில் போட்ட எம்.எம்.ஆர். ஊசியைக் கணக்கில் எடுக்கவில்லை; கொரியாவில் அதை 12 மாதத்துக்குப் பிறகே போடுவார்களாம். அம்மாள் வருத்தம் என்று நாம் சொல்கிற கொப்பளிப்பானுக்கும் ஹெபடைடிஸ் ஏ நோய்க்குமான ஊசிகள் நம் நாட்டு அட்டவணையில் இல்லை, அங்கே உண்டு. எல்லாவற்றையும் அரச சுகாதார நிலையத்தில் ஒரு வொன் கூட வாங்காமல் போட்டுவிட்டார்கள்.

முதற்கிழமையை அவர்கள் நடத்திய விதம் என் நெஞ்சை விட்டு அகலாது. முதல் மூன்று நாளும் மகளோடு நானும் வகுப்பறையிலேயே ஒரு மணிநேரம் இருந்தேன். நான்காம் நாள் அரைமணிநேரம் வெளியே போகச் சொன்னார்கள். அடுத்த கிழமை மதியச் சாப்பாடு வரை, அதற்கடுத்த கிழமைதான் பகல் தூக்கம் வரை. பிள்ளை எப்போது தயாரோ அப்போது அடுத்த படிக்குப் போகலாம் என்று ஆசிரியை சொன்னார். கதறி அழும் பிள்ளையைக் கையிலிருந்து பிடுங்கி வாங்கி, “நீங்க போங்க, அழுது ஓயும்” என்று கதவைச் சாத்துகிற வழக்கத்தை நம் ஊர் முன்பள்ளிகளில் நானே பார்த்திருக்கிறேன். மகனை அப்படித்தான் இங்கே ஒருமுறை விட்டுவிட்டு வந்து வீதியில் நின்று அழுதேன். நம் ஆசிரியைகளின் அன்பில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அங்கே மகளின் வகுப்பில் ஐந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை என்பது சட்டம். மூன்று வயது வகுப்பில் பதினைந்து பேருக்கு ஒருவர். அந்த எண்ணிக்கை இருப்பதால்தான் அந்தப் பொறுமை சாத்தியமாகிறது.

நாள்தோறும் நடந்ததை அறிவதற்குக் ‘கிட்ஸ் நோட்’ என்ற செயலி இருந்தது. காலையில் நான் உடல்வெப்பம், தூங்கிய நேரம், மலம் கழித்த விபரம் ஆகியவற்றை எழுதுவேன். மாலையில் ஆசிரியை படங்களோடு பதில் எழுதுவார். எனக்குக் கொரிய மொழி தெரியாததால், பாப்பாகோ மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு மாற்றித்தான் வாசித்தேன். முதல் மாதத்தில் ஒருநாள், “இன்று சோற்றைச் சூப்பில் சுருட்டி முழுவதும் சாப்பிட்டாள்” என்று வந்தது. சோற்றைச் சுருட்டுவது எப்படி என்று விளங்காமல், மேல்மாடிக் கொரிய அம்மாவிடம் கைபேசியைக் காட்டினேன். ‘மல்தா’ என்ற ஒரே வினைச்சொல் அவர்களுடைய மொழியில் சுருட்டுவதையும் குறிக்கும், சோற்றைச் சூப்பில் போட்டுக் குழைப்பதையும் குறிக்கும் என்று அவர் ஒரு கிண்ணத்தை எடுத்துச் செய்தே காட்டினார். என் மகள் அங்கே செய்தது, அம்மம்மா வீட்டில் சொதி விட்டுக் குழைத்துத் தின்றதைத்தான். அன்றிரவு நான் பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் என் பெரிய மனக்குறை அதில்தான். மாத உணவு அட்டவணையில் ஒவ்வொரு கறிக்கும் பக்கத்தில் சிறிய எண்கள் இருக்கும். ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடிய பொருட்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான எண்கள் அவை: 1 முட்டை, 2 பால், 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாட்டிறைச்சி, 18 சிப்பி வகை. கொரிய எழுத்து வாசிக்கத் தெரியாத தாய்க்கு இந்த எண்கள் பெரிய துணை. மாதத் தொடக்கத்தில் அட்டவணையை அச்செடுத்து, 16 வரும் இடமெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு ஆசிரியையிடம் கொடுப்பேன். காத்தான்குடியிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ போகிற முஸ்லிம் குடும்பங்கள் 10 ஐ வட்டமிடலாம். ஆனால் கோழியும் மாடும் ஹலாலாக இருக்காது என்பதால் அவர்கள் நிலையத் தலைவியோடு முன்கூட்டியே கதைத்துக்கொள்வது நல்லது.

2022 டிசம்பரில் ஒருநாள், அட்டவணையில் 18 என்று போட்டிருந்த கடற்பாசிச் சூப்புக்குப் பதிலாக வேறொன்று சமைத்திருக்கிறார்கள். மாலையில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மகனுடைய கிண்ணத்தில் இறைச்சித் துண்டுகள் தெரிந்தன. கேட்டேன், மாட்டிறைச்சிதான் என்றார்கள். மகனுக்கு அது என்னவென்றே தெரியாது, ருசித்துச் சாப்பிட்டிருக்கிறான். நிலையத் தலைவி மறுநாள் வாசலில் நின்று என்னிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அன்று முதல் மகனின் தட்டில் பெயரோடு ஒரு மஞ்சள் வில்லை ஒட்டினார்கள். அந்தத் தவறு மீண்டும் நடக்கவில்லை. ஆனால் அதன் பிறகு 16 வரும் நாட்களிலெல்லாம் மகனுக்கு வெறும் சோறும் பொரித்த முட்டையும் கடற்பாசித் தாளும்தான் கிடைத்தன. பருப்புக் கறி வைத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். வெளியுணவை அனுமதிக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் நான்கு வகைக் கறியோடு சாப்பிட, என் பிள்ளை முட்டையோடு இருந்தான் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

பாதுகாப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 2015 இலிருந்து எல்லா நிலையங்களிலும் கண்காணிப்புக் கமரா கட்டாயம்; பதிவை 60 நாள் வைத்திருக்க வேண்டும்; பெற்றோர் கேட்டால் பார்க்கலாம். மஞ்சள் வாகனத்தில் சாரதியைத் தவிர இன்னொரு பெரியவரும் இருந்தே ஆகவேண்டும் என்ற சட்டமும் அதே வருடம் வந்தது. வாகனத்தின் பின்பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. ஓட்டம் முடிந்ததும் சாரதி கடைசி இருக்கை வரை நடந்து போய் அதை அழுத்த வேண்டும். தூங்கிப்போன பிள்ளை எதுவும் உள்ளே விடுபட்டிருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. காலையில் கல்லடிப் பாலத்தில் ஒரு முச்சக்கர வண்டிக்குள் எட்டுப் பிள்ளைகள் புத்தகப் பைகளோடு நெருக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொத்தான் நினைவுக்கு வருகிறது.

பகல் தூக்கத்துக்குரிய சிறு மெத்தையையும் போர்வையையும் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். வெள்ளிதோறும் வீட்டுக்கு வரும், துவைத்துத் திங்களன்று அனுப்ப வேண்டும். மருந்து கொடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு நாளும் படிவம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அடிப்படை நேரம் காலை 9 முதல் மாலை 4 வரை. இரவு 7.30 வரை நீடித்த பராமரிப்பு உண்டு என்றாலும் எங்கள் நிலையத்தில் பெரும்பாலான பிள்ளைகள் நான்கு மணிக்கே போய்விடுவார்கள். மார்ச் வந்தால் வகுப்பும் ஆசிரியையும் மாறிவிடுவது மகளுக்குப் பெரும் துன்பம். இரண்டு முறையும் புது ஆசிரியையிடம் பழக இரண்டு கிழமை எடுத்தது.

இனிக் காசு. கொரியப் பிள்ளைகளுக்கு அரசே கட்டணத்தைச் செலுத்துகிறது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 2022 முதல் மாதம் 280,000 வொன். வெளிநாட்டுப் பிள்ளைக்கு இந்த உரிமை பொதுவாக இல்லை. சில உள்ளூராட்சி அமைப்புகள் மட்டும் ஒரு பகுதியைக் கொடுக்கின்றன. எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. வயது குறைந்த பிள்ளைக்குக் கட்டணம் இன்னும் கூட. அதற்கு மேல் சுற்றுலாவுக்கும் விசேட வகுப்புக்கும் தனிக் காசு. புலமைப்பரிசிலில் வாழ்கிற குடும்பத்துக்கு இது பெரும் சுமை. முதல் வருடம் முழுவதும் என் கழுத்துச் சங்கிலி அடகிலேயே இருந்தது. ஒரே மணலில் விளையாடுகிற இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு அரசு கட்டுகிறது, மற்றதற்குத் தாய் நகையை அடகு வைக்கிறாள் என்பது நியாயமாக எனக்குப் படவில்லை. குடும்பம் முழுவதையும் அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் வீட்டு வாடகையோடு இந்தத் தொகையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

உதவி கேட்க ‘தனுரி’ என்ற தொலைபேசிச் சேவை 1577-1366 என்ற இலக்கத்தில் 13 மொழிகளில் இருக்கிறது. அவற்றில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஆங்கிலத்தில் கதைக்கக்கூடியவர்களுக்குப் பயன்படும்.

மொழிதான் நான் பிந்திக் கவனித்த விடயம். ‘அப்பா’ அவர்களுடைய மொழியிலும் அப்பாதான், அம்மாவை ‘ஒம்மா’ என்பார்கள். அதனால் முதல் நாளில் மகள் யாரைக் கேட்டு அழுகிறாள் என்பது ஆசிரியைக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. அந்த ஒற்றுமையில் நானும் மயங்கிப்போய், தமிழ் தானாகவே நிற்கும் என்று இருந்துவிட்டேன். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைக் கொரிய மொழியில் கழிக்கிற பிள்ளை, மாலையில் களைத்து வந்து தொலைக்காட்சியையும் அதே மொழியில் பார்த்தது. மகன் போகும்போதே நன்றாகக் கதைத்தவன் என்பதால் தப்பினான். மகளுக்கு நான் சொல்வதெல்லாம் விளங்கும். பதில் மட்டும் கொரிய மொழியில் வரும்.

ஊருக்கு வந்த மறுநாள் பகல், வெயிலில் ஓடிவிட்டு வந்தவள் அம்மம்மாவின் சீலையைப் பிடித்து “முல், முல்” என்று கேட்டாள். அம்மம்மா பதறிப்போய் அவளைத் திண்ணையில் இருத்தி, காலைத் தூக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளங்காலெல்லாம் முள்ளைத் தேடினார். கொரிய மொழியில் ‘முல்’ என்றால் தண்ணீர். நான் கிணற்றடியிலிருந்து வந்து பார்த்தபோது, பிள்ளை தண்ணீருக்கு அழுதுகொண்டிருந்தாள், அம்மா ஊசியும் விளக்கெண்ணெயும் எடுத்து வைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, “நீ என்ன மொழியில மகள் இவளோட கதைச்ச?” என்று மட்டும் கேட்டார். ஒரினிஜிப் தன் வேலையைத்தான் செய்தது; தமிழ் கற்பிப்பது அவர்கள் வேலையல்ல. மாலை நான்கு மணிக்குப் பிறகு இருந்த நேரம் என்னுடையது.

காரைதீவுத் தங்கச்சி அடுத்த மாதம் புறப்படுகிறார். தடுப்பூசிப் பதிவேட்டை ஆங்கிலத்தில் எழுதுவித்து முத்திரை குத்தி வாங்கிவிட்டார். குடியிருப்பு அட்டை கைக்கு வந்த அன்றே பிள்ளையின் பெயரைப் பதியும்படியும், ஒரே நிலையத்தை நம்பியிராமல் கூடுதலான இடங்களில் பதியும்படியும், சேரும் முன்பே உணவு அட்டவணையைக் கேட்டு 16 வரும் நாளில் பதிலாக என்ன கொடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்கும்படியும் சொல்லியிருக்கிறேன். என் மகளின் பகல் தூக்க மெத்தையையும் கொடுத்துவிட்டேன். அங்கே புதிதாக வாங்குகிற காசு மிச்சமாகும்.